ஸ்டாக்கா, ஆல்ட்டரா?

ஷோரூமிலிருந்து வரும் புது பைக்கின் டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம் காய்வதற்குள் கழற்றப்படும் முதல் பொருள் எது? பெரும்பாலும் சாரி கார்டு. பைக்கின் பின்னழகை அது கெடுக்கிறது என்பது இளைஞர்களின் தீர்ப்பு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி வேறு தீர்ப்பு சொல்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட் ரெஸ்ட், உடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இவை மூன்றும் கட்டாயம். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிய விபத்துச் செய்திகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பைக்கை மாற்றி அமைப்பவர்களின் உலகம் முழுவதும் இந்தச் சின்னத் தடுப்பில் இருக்கிறது. கம்பெனி எல்லோரையும் மனதில் வைத்து வண்டி செய்கிறது. ஓட்டுபவர், பின்னால் உட்காரும் அம்மா, மைலேஜ் கேட்கும் அப்பா, புகை அளக்கும் அரசு, சத்தத்தில் விழித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் குழந்தை என்று அத்தனை பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஒரு பைக் வெளியே வருகிறது. வாங்கியவர் அதைத் தன் ஒருவருக்கான வண்டியாக மாற்றப் பார்க்கிறார். அப்படி மாற்றும்போது மற்ற யாரோ ஒருவருடைய பங்கில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் இதற்கான கடைவீதி, அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோடு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்ற முழுப் பெயரைச் சொன்னால் பலருக்கு வழி தெரியாது. கார் சீட் கவர்களுக்கு நடுவே ஹாண்டில்பார், பார் எண்ட் கண்ணாடி, கிராஷ் கார்டு, ஃபாக் லாம்ப், விதவிதமான சைலன்சர் என்று கடைகள் நீள்கின்றன. பழைய வண்டியின் உதிரி பாகம் வேண்டுமானால் புதுப்பேட்டை. உற்பத்தி நின்றுபோன வண்டியின் சைடு பேனலையோ டேங்க் மூடியையோ அங்கே தேடிப் பிடித்தவர்கள் அதைத் தங்கம் கிடைத்த கதையாகச் சொல்வார்கள்.

அப்படித் தேடப்படும் வண்டிகளில் முதலிடம் யமஹா ஆர்.எக்ஸ். 100க்கு. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985இல் இந்தியாவில் கொண்டுவந்தது. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. ஏறக்குறைய அதே காலத்தில் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, கிட்டத்தட்ட அதே சிசியில் எட்டுக் குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் மைலேஜை அள்ளிக்கொடுத்தது. அப்பாக்கள் சிடி 100ஐப் பார்த்தார்கள், பிள்ளைகள் ஆர்.எக்ஸைப் பார்த்தார்கள். புகைக் கட்டுப்பாடுகள் இறுகிவந்த நிலையில் 1996இல் ஆர்.எக்ஸ். 100 நின்றது. நின்ற பிறகுதான் அதன் மவுசு ஏறியது. நன்றாகப் புதுப்பித்த ஒரு வண்டி இன்று லட்சத்தைத் தாண்டிக் கைமாறுகிறது.

இரண்டு ஆர்.எக்ஸ். காரர்கள் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும் என்பது அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா, மாற்றியதா என்ற அர்த்தத்தில் “ஸ்டாக்கா, ஆல்ட்டரா?” என்று தொடங்கும். “ஜெட் மாத்தினியா மச்சான்?” என்று, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் பிளக் ஸ்பேனர் வெளியே வரும். கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் முனையை இரண்டு பேரும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். இளம் பழுப்பாக இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலக்கின்றன. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடேறுகிறது, கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவையோடு சேர்ந்து வரும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பு. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டினால், பெட்ரோல் குறையும்போது அதுவும் குறையும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜெட்டை மாற்றாமல் ஓடுகிற பையன்களின் வண்டி ஏன் நடுரோட்டில் நிற்கிறது என்பதற்குக் காரணம் அந்தச் சின்ன முனையிலேயே எழுதியிருக்கும்.

ஆர்.எக்ஸ். பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் சைலன்சர். இந்த வகை டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகைத் துவாரத்துக்கு வால்வு கிடையாது. புகை வெளியேறும் துவாரம் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால், அதில் கொஞ்சம் எரியாமலேயே ஓடிப்போகும். அதைத் தடுக்கும் வித்தையில் மற்ற எல்லோரையும் முந்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். பைக் தொழிற்சாலையில் இருந்த வால்ட்டர் காடன். போர்க்காலத்தில் ஏவுகணைப் பணியில் இருந்த பொறியாளர். புகைக்குழாய் முதலில் விரிந்து பிறகு குறுகும்படி செய்தால், அதற்குள் ஓடும் அழுத்த அலை முதலில் புகையை வெளியே இழுக்கும். பிறகு சுவரில் மோதித் திரும்பி, ஓடப்பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். இந்த முறையை நுட்பமாகச் செதுக்கி, 1961இல் வெறும் 125 சிசி இன்ஜினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார் காடன்.

அந்த ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலக சாம்பியன் பட்டத்தை எட்டும் நிலையில் இருந்தார். பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன டெக்னர் திரும்பவில்லை. அவருடைய மனைவி மக்கள் காரின் டிக்கியில் ஒளிந்து மேற்கே கடத்திவரப்பட்டார்கள். காடனின் ரகசியங்களோடு அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் சுஸுகி. மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. பிறகு டூ ஸ்ட்ரோக் பந்தயத்தில் ஜப்பானியர் கை ஓங்கியது. சுஸுகா பந்தயத் தளத்தில் ஒரு வளைவுக்கு டெக்னரின் பெயர் இன்றும் இருக்கிறது. ஆர்.எக்ஸ். வண்டிகளுக்கு வயிறு பருத்த பைப்பை வெல்டிங் செய்து மாட்டும் நம்மூர் மெக்கானிக் அண்ணன்கள் பின்பற்றுவதும் அந்தக் கிழக்கு ஜெர்மானியரின் கணக்கைத்தான்.

இதில் ஒரு சங்கடம். அந்த அலை சரியான நேரத்தில் திரும்பி வருவது ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் மட்டுமே. பந்தயத்துக்கான பைப் உச்ச ஆர்.பி.எம்.மில் பாயும், அதற்குக் கீழே சோம்பும். வடபழனி சிக்னலில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அதனால் காதுகுளிரச் சத்தம்தான் மிச்சம்.

ஸ்ப்ராக்கெட்டிலும் இதே கதை. பின் சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூடினால் பிக்கப் ஏறும், டாப் ஸ்பீடு எட்டுவதற்கு முன்பே இன்ஜின் கதறும். குறைத்தால் நெடுஞ்சாலையில் நிம்மதி, மேட்டில் திணறல். ஒன்றைக் குறைக்காமல் இன்னொன்றைக் கூட்ட முடியாது.

புல்லட் காரர்களின் ஒப்பீடு வேறு ரகம். அவர்களுக்கு வேகம் ஒரு பொருட்டல்ல; சத்தம்தான். 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் இந்த வண்டியின் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணிக்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நீண்ட ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல், நிதானமான அடி. 2020இல் அதே கம்பெனியின் மீட்டியார் மாடலோடு வந்த புது 350 இன்ஜினில் அதிர்வைக் குறைக்க பேலன்சர் ஷாஃப்ட் வந்துவிட்டது. கைகள் மரத்துப்போகாமல் திருச்சிவரை போகலாம். “ஆனா அந்த தம் தம் இல்லையே” என்பார்கள் பழைய ஆட்கள். கம்பெனி பாடுபட்டுக் குறைத்த சத்தத்தை, கடையில் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள்.

அந்தச் சத்தத்துக்கு விலை உண்டு. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இந்திய விதிகளில் நெடுநாள் வரம்பு 80 டெசிபல். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. பல நகரங்களில் போலீஸார் பறித்த சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றிய படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கண்ணாடி, சீட், கைப்பிடி உறை மாற்றினால் யாரும் கேட்கப் போவதில்லை. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதுதான் வம்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டுக்கே உலை வைக்கலாம்.

பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட புது வண்டிகளில் விஷயம் இன்னும் சிக்கல். புகைப்பாதையில் ஆக்ஸிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. சைலன்சரை மட்டும் மாற்றினால் கம்ப்யூட்டர் குழம்பலாம், மஞ்சள் விளக்கு எரியலாம், வாரண்டி போகலாம். ஸ்க்ரூ டிரைவரும் அனுபவமும் போதுமாயிருந்த காலம் கார்பரேட்டரோடு முடிந்துபோனது.

“என் வண்டி 130 போகும்” என்ற பேச்சையும் சற்றுத் தள்ளிவைத்தே கேட்க வேண்டும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதற்காக, ஸ்பீடோமீட்டர்களைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே கம்பெனிகள் அமைக்கின்றன. முன் சக்கரத்திலிருந்து கேபிள் வரும் பழைய வண்டியில் சின்ன டயர் போட்டால் முள் இன்னும் மேலே ஏறும். போனில் ஜி.பி.எஸ். பார்த்தால் பலருடைய 130 சுருங்கிவிடும். யார் வண்டி வேகம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்ப்பது, தன் உயிரோடு எதிரே வருபவர் உயிரையும் பந்தயம் கட்டுவது. அந்தக் காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வண்டிகளைச் சீறவிட்டுப் பார்த்தார்கள். 1990 முதல் அதற்காகவே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. லேப் நேரம் வினாடி சுத்தமாகத் தெரியும். டீக்கடை வாதத்துக்கு இடமில்லை.

செலவு செய்துதான் ஆகவேண்டும் என்பவர்கள் டயரில் தொடங்கலாம். பிறகு பிரேக், பிறகு சஸ்பென்ஷன், உடம்புக்கேற்ற சீட். இவை யாருடைய காதையும் கிழிப்பதில்லை, பின்னால் உட்காருபவருக்கும் பயன்படும். சைலன்சர் கடைசியில் வரட்டும், அதுவும் கம்பெனியே அந்த வண்டிக்கென விற்பதாக இருந்தால்.

பழைய ஆர்.எக்ஸ். 100 ஒன்றின் மேல் கண் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 132 சிசி ஆர்.எக்ஸ். 135இன் இன்ஜின் வெளிப்பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும். அதை 100இன் உடம்பில் ஏற்றி விற்பவர்கள் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன், இன்ஜினிலும் ஃபிரேமிலும் அடித்திருக்கும் எண்களைத் துணியால் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். எண் ஒத்துப்போகவில்லையென்றால், சத்தம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வாங்காதீர்கள்.