கப்பி ரோடும் குடியானவனும்

இத்தாலி தேசத்தில் பிளாரென்ஸ் நகரத்திற்கும் சியேனா நகரத்திற்கும் இடையே கியாந்தி என்றொரு குன்றுநாடு இருக்கிறது. குன்றுகளின் சரிவுகளில் வரிசை வரிசையாகத் திராக்ஷைக் கொடிகள். கொடி நடாத இடங்களில் ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும் அடர்ந்த காடு. இவற்றின் நடுவே வளைந்தும் ஏறியும் இறங்கியும் செல்லும் வெண்மையான கப்பி ரோடுகள். அவற்றில் தார் இல்லை. மோட்டார் வண்டியும் அபூர்வம். அந்நாட்டார் அவற்றை 'வெள்ளைச் சாலைகள்' என்றே அழைக்கின்றனர். அந்தச் சாலைகளில் சைக்கிள் விடுவதற்கென்றே இன்று பல தேசத்து ஜனங்கள் அங்கே வருகிறார்கள்.

சைக்கிள் சவாரி இந்தப் பக்கத்தில் பேசத் தக்க விஷயந்தானா என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். ஒரு ரோடு யாருக்காகப் போடப்பட்டது, அதை யார் காப்பாற்றினார்கள், அதில் இன்று நிலவும் அமைதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்னும் கேள்விகள் ராஜீயக் கேள்விகளே என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் நாட்டைப் பற்றிச் சிறிது சொல்வோம். 1716-ஆம் வருஷத்தில் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் காஸிமோ கியாந்தியின் எல்லைகளைக் கட்டளை பிறப்பித்து வரையறுத்தார். இன்று 'கியாந்தி கிளாஸிக்கோ' எனப்படும் வட்டாரம் ஏறக்குறைய 70,000 ஹெக்டேர் பரப்புள்ளது. அதில் திராக்ஷைத் தோட்டம் சுமார் 10,000 ஹெக்டேர் மட்டுமே, பெரும்பகுதி காடுதான். மதுவிலக்கு விஷயத்தில் நமது கொள்கை நேயர்கள் அறிந்ததே. இங்கே நமது பேச்சு அந்நாட்டு மதுவைப் பற்றியதன்று, மண்ணைப் பற்றியது.

மாஜினியையும் கரிபால்டியையும் அறிந்த நமது நேயர்கள் ரிக்காஸோலி பிரபுவையும் அறிந்திருக்கலாம். 1861-ஆம் வருஷத்தில் காவூர் காலமானபின் ஐக்கிய இத்தாலியின் பிரதம மந்திரிப் பதவியை ஏற்றவர் அவர். அவருடைய ப்ரோலியோ கோட்டை இந்தக் கியாந்தியில்தான் இருக்கிறது. தேசம் ஒன்றாக வேண்டுமென்று பாடுபட்ட அந்தப் பெரியவர், தமது நிலத்தில் எந்தெந்தத் திராக்ஷையை எவ்வளவு சேர்க்க வேண்டுமென்பதையும் பல வருஷங்கள் ஆராய்ந்து 1872-இல் கடிதமாக எழுதி வைத்தார். கோட்டையை ஒட்டி ஸைப்ரஸ் மரங்களின் நடுவே ஏறும் வெள்ளைச் சாலை இன்று சைக்கிள்காரர்களுக்கு ஒரு யாத்திரைத் தலம்.

ஆனால் அந்தச் சாலைகள் பிரபுக்களின் உல்லாசத்திற்காக ஏற்பட்டவை அல்ல. டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்தது வாரச் சாகுபடி. நிலமும் வீடும் மிராசுதாரருடையவை, உழைப்பு குடியானவனுடையது, விளைவில் பாதி பாதி. வாரம் என்னும் சொல்லுக்கு நமது நேயர்களிடம் வியாக்கியானம் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவன் விவாகம் செய்துகொள்வதற்கும் மிராசுதாரரின் சம்மதம் வேண்டுமென்று விதித்த ஒப்பந்தங்களும் அங்கே இருந்தன. ஒவ்வொரு வாரக்காரனும் ஊரில் கூடி வாழாமல் தன் சாகுபடி நிலத்தின் நடுவிலேயே குடியிருந்தான். ஆகவே குன்றுக்குக் குன்று ஒற்றை வீடு. வீட்டுக்கு வீடு ஒரு பாதை. மாட்டு வண்டி போகவும், தானியம் ஆலைக்குப் போகவும், பிள்ளைகள் கோவிலுக்குப் போகவும் ஏற்பட்ட பாதைகள் அவை. அந்த மண்ணில் கிடைத்த சுண்ணாம்புக் கல்லையே உடைத்துப் போட்டதால் வெளுத்தன. இன்று சைக்கிள்காரன் வியக்கும் அந்தச் சாலை வலை, வாரக்காரனின் கால்கள் நெய்த வலையாகும்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் அந்த வலை அறுபடத் தொடங்கிற்று. பாதி விளைவில் ஜீவனம் நடவாது என்று கண்ட குடியானவர்கள் 1950-க்குப் பிந்திய இருபது வருஷங்களில் கூட்டம் கூட்டமாக நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டனர். புதிய வார ஒப்பந்தங்களை 1964-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. நியாயம் வந்து சேர்ந்தபோது, அதை அனுபவிக்க வேண்டியவர்களில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தனர். காலியான கல்வீடுகளை அந்நியர்கள் வாங்கினார்கள். அவர்களில் ஆங்கிலேயர் மிகுந்திருந்தமையால் 'கியாந்திஷயர்' என்று ஒரு பரிகாசப் பெயரும் பிறந்தது. போனவர்களின் பாதைகளில் சில புல் மூடிப் போயின. சில தார் மூடி ரோடுகளாயின.

இந்த நிலைமையில்தான் 1997-ஆம் வருஷத்தில் காயோலே என்னும் சிற்றூரில் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் ஒரு காரியம் செய்தார். மிஞ்சியிருக்கும் வெள்ளைச் சாலைகளையாவது தாருக்கு இரையாகாமல் காக்க வேண்டுமென்று அவர் விரும்பினார். அதற்கு அவர் கைக்கொண்ட வழி பழைய சைக்கிள்களில் ஒரு நெடும்பயணம். அதற்கு 'லெரோயிகா', அதாவது 'வீரம் பொருந்தியது', என்று பெயர். முதல் வருஷம் வந்தவர்கள் 92 பேர். இன்று அக்டோபர் மாத ஆரம்பத்தில் அந்தச் சிற்றூரில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். 1987-க்கு முன் செய்யப்பட்ட பந்தய சைக்கிளே வர வேண்டும். கியர் மாற்றும் கைப்பிடி சட்டத்தின் கீழ்க்குழாயிலேயே இருக்க வேண்டும். மிக நீண்ட வழி 209 கிலோ மீட்டர். அதில் செல்பவர்கள் விடியுமுன்பே புறப்பட்டு, ப்ரோலியோவின் ஏற்றத்தை விளக்கொளியில் கடக்கிறார்கள். வழியில் ரொட்டியும் அவரை வகைகளும் கீரையும் சேர்த்துக் காய்ச்சிய குடியானவர் கஞ்சி கொடுக்கப்படுகிறது. பரிசு பெரிதன்று, பயணத்தை முடிப்பதே பெருமை.

பயணிகள் வருகிற வழியைத் தார் பூசி அழிக்க எந்த ஊராட்சிக்கும் மனம் வராது. இதுவே அந்த முயற்சியின் சூக்ஷ்மம். அந்த வழி இப்போது வருஷம் முழுவதும் எவரும் செல்லும்படி பலகைகள் நாட்டப்பட்ட நிரந்தர வழியாகிவிட்டது. 2007-இல் அதே சாலைகளில் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயமும் தோன்றி, சியேனாவின் பெரிய சதுக்கத்தில் முடிகிறது. 2015 முதல் ஸ்திரீகளுக்கும் தனிப் பந்தயம் உண்டு. சுவிட்சர்லாந்து வீரர் காஞ்சலாரா மூன்று முறை ஜயித்ததற்காக ஒரு கப்பிப் பகுதிக்கே அவர் பெயர் வழங்கப்பட்டிருக்கிறது. கப்பி ரோட்டுச் சவாரி இன்று தனி வித்தையாகவே வளர்ந்து, 2022-இல் அதற்கு முதல் உலகப் பந்தயமும் இத்தாலியிலேயே நடந்தது.

அந்த வித்தையைப் பற்றி இரண்டு வார்த்தை. கப்பியின்மேல் ஒல்லியான டயரில் காற்றை இறுக நிரப்பிச் செல்பவன் ஒவ்வொரு கல்லையும் எலும்பில் உணர்வான். ஆகையால் இக்காலத்துக் கப்பி சைக்கிளுக்கு 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் போட்டுக் காற்றைக் குறைவாகவே வைக்கிறார்கள். இறக்கத்து வளைவில் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சறுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிக்க வேண்டும். மோட்டார் வண்டிகள் வேகமாய் ஓடிய கப்பி ரோட்டில் அலை அலையாக மேடுபள்ளம் விழும். அலை விழாத ரோடு, மோட்டார் அதிகம் வராத ரோடு என்பதற்குத் தானே சாட்சி.

நிற்க. எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவனுக்குப் புழுதி அழகுதான். வருஷம் முழுவதும் அங்கே குடியிருந்து, துணி உலர்த்தி, நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறவனுக்குத் தாரன்றோ வேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. இது அற்பமான ஆக்ஷேபமன்று. கப்பி ரோட்டை மழைதோறும் பழுது பார்க்க வேண்டும்; ஓரத்து வாய்க்காலைத் தூர் வாராவிட்டால் ஒரே மாரியில் கப்பி சரிவோடு போய்விடும். அந்தச் செலவை ஊராரின் தலையில் கட்டிவிட்டு அழகை மட்டும் வந்தவன் கொண்டுபோவானாகில், அது வாரச் சாகுபடியின் புதிய அவதாரமே: உழைப்பு ஒருவனுடையது, விளைவு மற்றொருவனுடையது.

இதற்குப் பரிகாரம் வந்தவனை விரட்டுவதன்று. வந்தவனுடைய பணம் மண்ணில் உழைப்பவனுக்குப் போய்ச் சேரும்படி செய்வதே பரிகாரம். 1985-ஆம் வருஷத்தில் இத்தாலியச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, விவசாயம் செய்பவன் தன் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, தன் விளைபொருளைக் கொண்டே உணவளித்துச் சம்பாதிப்பதற்கு இடமளித்தது. விவசாயத்தை விட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இரவு தங்கும் சைக்கிள்காரன் அத்தகைய வீட்டில் தங்கி, அந்த வீட்டு எண்ணெயையும் ரொட்டியையும் உண்பானாகில், வாய்க்காலைத் தூர் வாருவதற்கு அங்கே ஒரு குடும்பம் நிலைத்திருக்கும். மோட்டாரில் வந்து, படம் பிடித்துக்கொண்டு, நகரத்து ஹோட்டலுக்குத் திரும்புகிறவனால் ரோட்டுக்கு அலைதான் மிச்சம்.

மோட்டார் இல்லாத சாலையின் மோகம் இன்று எல்லாத் தேசங்களிலும் பரவி வருகிறது. அது நல்ல மோகமே. இரைச்சலும் புகையும் இன்றி, காட்டின் நிழலிலும் கொடிகளின் ஓரத்திலும் தன் காலின் வலிமையாலேயே ஒரு மனிதன் செல்வது உடலுக்கும் உள்ளத்துக்கும் ஆரோக்கியம். ஆனால் அந்த மௌனம் தானாக வந்ததன்று என்பதை அவன் மறக்கலாகாது. கியாந்தியில் அந்த மௌனம், கூலி போதாமல் வீட்டைப் பூட்டிச் சென்ற குடியானவன் விட்டுப்போன மௌனம். அவனுடைய பாதையைக் காப்பாற்றியதற்காகக் காயோலே ஊராரை மனமாரப் பாராட்டுகிறோம். பாதையைக் காப்பது பாதி வேலை. அதன் ஓரத்தில் ஒரு வீட்டிலாவது அடுப்புப் புகையும்படி செய்வது மற்றப் பாதி. அந்தப் பாதியை மறக்கும் தேசத்தில் கப்பி ரோடு எவ்வளவு வெண்மையாய் இருந்தாலும், அது போனவர்களின் சுவடேயன்றி வாழ்பவர்களின் வழியாகாது.