நெஞ்சில் நிற்கும் சோறு... உணவுக்குழாயை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்கு இட்லி நெஞ்சில் நின்றால், அதற்கு வீட்டில் வைக்கும் பெயர் 'கேஸ்'. ஒரு சோடாவில் கதை முடிந்துவிடும். பெரும்பாலும் அது வெறும் வாயுதான். ஆனால் முதலில் சப்பாத்தி, பிறகு குழைந்த சோறு, அப்புறம் கஞ்சி என விழுங்குவது படிப்படியாகச் சிரமமானால், எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. பீடி, சிகரெட், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நெஞ்செரிச்சலுக்காகக் குழாய் விட்டுப் பார்க்கும்போது தற்செயலாகத் தெரிவதும் உண்டு. அப்படித் தெரிந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

ஏன்? உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அதன் சுவரில் கட்டி எத்தனை அடுக்கு இறங்கியிருக்கிறது என்பதுதான் சிகிச்சையை முக்கியமாகத் தீர்மானிக்கிறது. உள்சவ்வோடு நின்றிருந்தால் நெஞ்சைத் திறக்கவே வேண்டாம். எண்டோஸ்கோப்பி வழியாகவே சவ்வுக்கு அடியில் திரவம் செலுத்தி உப்பவைத்து, சிறு மின்கத்தியால் கட்டியை உரித்து எடுக்கிறார்கள். 1990-களில் ஜப்பானில் உருவான 'இ.எஸ்.டி' முறை இது. உணவுக்குழாய் அப்படியே இருக்கும். அகலமாக உரித்தால் அந்த இடம் சுருங்கலாம்; அப்போது பலூன் வைத்து விரிக்க வேண்டிவரும். எடுத்த துண்டைப் பரிசோதிக்கும்போது ஆழமாகப் போயிருப்பது தெரிந்தால், அடுத்தது பெரும்பாலும் பெரிய ஆபரேஷன்தான்.

அடுத்த அடுக்குக்குள் ஆழமாக இறங்கிவிட்டால் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுகிறது. எனவே உணவுக்குழாயின் பெரும்பகுதியை முடிச்சுகளோடு அகற்றி, இரைப்பையைக் குழாய்போல் தைத்து மேலே இழுத்து இணைக்கிறார்கள். இன்று சிறு துளைகள் வழியாகவும் செய்யலாம். ஆனாலும் இது பெரிய ஆபரேஷன். இணைப்பில் கசிவு, நிமோனியா போன்ற அபாயங்கள் உண்டு. ஆகவே, 'இங்கே இதை அடிக்கடி செய்கிறீர்களா?' என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். புகையை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். பிறகு, மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும்; சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. உடல் தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சும் கீமோதெரபியும் உண்டு.

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வரும் மின்சார ரயில்கள் பலவும் சென்ட்ரலில் நிற்கின்றன. எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கும் ஸ்டான்லியிலும் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறைகள் இருக்கின்றன. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

தொழிலாளர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குப் புற்றுநோய் வந்தால், பணிக்கால நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 2 ஆண்டுகள் வரை சம்பளத்தில் 80 சதவிகிதம் தருவதற்கு விதி இருக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால், இ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பள ரசீதில் வருகிறதா என்று இந்த மாதமே பார்த்துக்கொள்ளலாம்.