காதுக்கு இனிமை... மனசுக்கு? இன்னும் தீராத ‘கிரேஸ்லேண்ட்’ பஞ்சாயத்து!

1984-ம் ஆண்டு. அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் காரில் ஒரே கேசட் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஹெய்டி பெர்க் என்ற இளம் பாடகி கேட்கக் கொடுத்த கேசட் அது. அக்கார்டியனும் கிட்டாரும் துள்ளி விளையாடும் இசை. வாசித்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் எதுவும் சைமனுக்குத் தெரியாது. ஆனால், அந்த இசையோடு சேர்ந்து தானாக ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த முணுமுணுப்புதான் 1986 ஆகஸ்ட்டில் ‘கிரேஸ்லேண்ட்’ என்ற ஆல்பமாக வந்தது. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. கூடவே, இன்றுவரை தீராத ஒரு சண்டையையும் கிளப்பிவிட்டது.

நேரம் சரியில்லாத நாற்பதுகள்

சைமன் அப்போது புதுமுகம் அல்ல. 1960-களில் ஆர்ட் கார்ஃபங்கலுடன் சேர்ந்து ‘சைமன் அண்டு கார்ஃபங்கல்’ என்ற பெயரில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டவர். 1970-ல் ஜோடி பிரிந்த பிறகு, தனியாகவும் வெற்றி பெற்றார். ஆனால், 1983-ல் வந்த ‘ஹார்ட்ஸ் அண்டு போன்ஸ்’ ஆல்பம் விற்பனையில் படுத்துவிட்டது. ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகி கேரி ஃபிஷருடனான திருமணமும் முறிந்தது. நாற்பதைத் தாண்டிய பாடகர் இனி பழைய பாட்டைப் பாடிக் காலம் தள்ள வேண்டியதுதான் என்ற நிலை.

அந்த நேரத்தில்தான் அந்த கேசட். விசாரித்தபோது, அது தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்கள் வாழும் நகர்ப்புறங்களில் ஒலிக்கும் இசை என்று தெரிந்தது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

போகலாமா... கூடாதா?

அன்றைய தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசின் நிறவெறி ஆட்சி. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. வெள்ளையர் பகுதியில் நடமாட அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த அரசைத் தனிமைப்படுத்துவதற்காக, கலைஞர்கள் யாரும் அங்கே போகக் கூடாது என்று 1980-ல் ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக்கொண்டது. அங்கிருந்த ‘சன் சிட்டி’ என்ற சொகுசு விடுதியில் பாட வந்த அழைப்பைச் சைமனே மறுத்திருந்தார்.

‘கச்சேரிக்குப் போவது வேறு, அந்த மண்ணின் கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்வது வேறு’ என்பது அவர் வாதம். விடுதலைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிடம் முதலில் பேசிவிடும்படி, பாடகர் ஹாரி பெலஃபான்டே யோசனை சொன்னார். சைமன் கேட்கவில்லை. 1985 பிப்ரவரியில், ஒலிப்பதிவாளர் ராய் ஹாலியுடன் ஜோஹன்னஸ்பர்க்கில் போய் இறங்கிவிட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. கிட்டார் கலைஞர் ரே ஃபிரி, டிரம்ஸ் வாசித்த ஐசக் ம்ட்ஷாலி, மெக்கானிக் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பேஸ் கிட்டார் கலைஞர் பகிதி குமாலோ... இவர்களுக்கு நியூயார்க் கலைஞர்கள் சங்கம் நிர்ணயித்த கூலியைப்போல மூன்று மடங்கு கொடுத்தார் சைமன். உள்ளூரில் கனவிலும் காணாத தொகை அது. ஆனாலும், பொழுது சாய்ந்தால் ஸ்டுடியோவில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். ராத்திரி எப்படிப் பத்திரமாக வீடு போய்ச் சேர்வது என்ற கவலை!

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நம் சினிமாவில் ஒரு விவாதம் உண்டே... இங்கே மெட்டுக்கும் முன்னால் தாளம் வந்தது. கலைஞர்கள் வாசித்ததை அள்ளிக்கொண்டு ஊர் திரும்பிய சைமன், அதைக் கேட்டுக் கேட்டு மாதக்கணக்கில் வரிகள் எழுதினார்.

‘ஆகா’ என்றவர்கள்

ஆல்பம் வந்ததும் கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் மூன்றாம் இடம். 1987-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது. ‘யூ கேன் கால் மீ அல்’ பாட்டில் குமாலோ வாசிக்கும் சின்னஞ்சிறு பேஸ் துணுக்கு இன்றும் பிரசித்தம். அதில் பாதிதான் அவர் வாசித்தது. மீதிப் பாதி, அதையே பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஒட்டியது!

இந்தக் கட்சிக்காரர்கள் சொல்வது இதுதான்: ‘தென்னாப்பிரிக்கா என்றாலே துப்பாக்கிச் சூடும் கண்ணீர்ப் புகையும்தான் செய்தியாக வந்தன. அந்த மக்களிடம் இத்தனை சந்தோஷமான, நுட்பமான இசை இருப்பதை இந்த ஆல்பம்தான் உலகத்தின் காதுக்குக் கொண்டுவந்தது.’

‘அநியாயம்’ என்றவர்கள்

எதிர்க்கட்சியின் குரலும் ஓங்கியே ஒலித்தது. ‘புறக்கணிப்பு என்றால் எல்லோருக்கும் புறக்கணிப்பு. பெரிய பாடகர் என்பதற்காக விதிவிலக்கு கொடுத்தால், ஒரு மக்களின் போராட்டமே பலவீனமாகும்’ என்றார்கள். வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்கள் சைமனை நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். 1987 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி நடந்தபோது வாசலில் ஆர்ப்பாட்டம்.

பாட்டு வரிகள் மீதும் குறை சொன்னார்கள். கிரேஸ்லேண்ட் என்பது எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த வீட்டின் பெயர். தலைப்புப் பாட்டு, மணமுறிவின் வலியோடு ஒருவர் அங்கே பயணம் போவதைப் பற்றியது. ‘சோவெட்டோவின் இசையை எடுத்துக்கொண்டு, சொந்தச் சோகத்தைப் பாடுவதா? நிறவெறியைக் கண்டித்து ஒரு வரியாவது வேண்டாமா?’ என்று கேட்டார்கள். ‘வாழாத வாழ்க்கையைப் பாடினால்தான் அது போலி’ என்று பதில் வந்தது.

பாடல் உரிமை பற்றியும் பேச்சு உண்டு. சில பாடல்களில் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களின் பெயரும் சேர்ந்து இருக்கிறது. ஆனால், கடைசிப் பாட்டில் வாசித்த அமெரிக்கக் குழுவான லாஸ் லோபோஸ், அதை உருவாக்கியதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று பின்னாளில் வருத்தத்துடன் சொன்னது.

வாசித்தவர்கள் என்ன ஆனார்கள்?

கேட்டவர்கள் சண்டை போட்டது இருக்கட்டும். வாசித்தவர்கள்?

ஜோசப் ஷபலாலாவின் ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ’ குழு, வாத்தியமே இல்லாமல் குரல்களால் மட்டும் பாடும் குழு. தென்னாப்பிரிக்காவில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த அவர்கள், இந்த ஆல்பத்துக்குப் பிறகு உலகம் சுற்றினார்கள். சைமன் தயாரித்த அவர்களுடைய ‘ஷாகா ஜூலு’ ஆல்பம் கிராமி விருது வாங்கியது. 1993-ல் நெல்சன் மண்டேலா நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போனபோது, உடன் சென்று பாடியதும் இவர்கள்தான்.

நிறவெறி அரசால் பல ஆண்டுகளாகத் தாய்நாடு திரும்ப முடியாமல் இருந்த மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும் சைமனின் கச்சேரிப் பயணத்தில் சேர்ந்து பாடினார்கள். புறக்கணிப்பால் யாரைக் காப்பாற்ற நினைத்தார்களோ, அவர்களிலேயே பலர் ‘எங்கள் இசை வெளியே போகட்டும்’ என்று நினைத்தார்கள். இந்தச் சண்டையை இன்றும் சிக்கலாக்குவது அதுதான்.

1992 ஜனவரியில், புறக்கணிப்பு விலக்கப்பட்ட பிறகு, சைமன் தென்னாப்பிரிக்காவில் பாடினார். மண்டேலா அவரை வரவேற்றார். அப்போதும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2012-ல் வந்த ‘அண்டர் ஆப்பிரிக்கன் ஸ்கைஸ்’ ஆவணப் படத்தில், லண்டனில் அன்று எதிர்ப்பை முன்னின்று நடத்திய டாலி டாம்போவும் சைமனும் உட்கார்ந்து பேசுகிறார்கள். இருவரும் தங்கள் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால், கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

ரே ஃபிரி 2017-லும் ஷபலாலா 2020-லும் மறைந்துவிட்டார்கள். ஆல்பத்தைப் புதிதாகக் கேட்பவர்களில் பலருக்கு இந்த வரலாறு தெரியாது; ஆடத் தோன்றும், ஆடுகிறார்கள். தெரிந்தவர்களுக்கு அதே பாட்டில் ஒரு முள்ளும் சேர்ந்தே தைக்கிறது.

எந்தக் கட்சி சரி? தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். ‘கிரேஸ்லேண்ட்’ கேட்ட கையோடு ‘ஷாகா ஜூலு’வையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் குரல்கள் யாருடைய துணையும் இல்லாமல் எப்படி ஒலிக்கின்றன என்பது புரியும். சைமனுக்கு அவர்கள் கொடுத்தது எவ்வளவு என்பதும்தான்!