பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள்

என் இடது கைச் சுண்டுவிரல் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. சில வருடங்களுக்கு முன், ஒரு சம்பா பருவத்தில், டிரெய்லரின் முன்கொக்கியில் பின் போடுவதற்காக டிராக்டருக்குப் பின்னால் குனிந்து நின்றேன். கொக்கி நேராகவில்லை. விரல் உள்ளே இருக்கும்போதே வண்டி அசைவது தெரிந்தது. “வராதே” என்று கத்தினேன். இன்ஜின் இரைச்சலில் ஓட்டுநர் தம்பியின் காதுக்கு அந்தச் சொல்லின் தலை மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் கேட்டது “வா”. வண்டி இன்னும் ஒரு சாண் பின்னால் வந்தது. நகத்தோடு போயிற்று. தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை. என் வாயிலிருந்து வந்த சொல்தான் தவறு.

அதன் பிறகுதான் வாக்கி டாக்கி வாங்கினோம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல்கள் மூன்று துண்டாகக் கிடக்கின்றன. இரண்டு டிராக்டர், ஒரு ரொட்டவேட்டர், ஒரு டிரெய்லர், ஒரு போர்செட். வாங்கும்போது, செட் கைக்கு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். அது அப்படி இல்லை என்று புரிய ஒரு குறுவைப் பருவம் முழுக்கப் பிடித்தது. அதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஓட்டுநர்களுக்கு வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

“செல்போன்தான் இருக்கிறதே” என்று பலரும் கேட்பார்கள். போனை எடுத்து, திறந்து, பெயரைத் தேடி, மணி அடித்து, எதிராளி சட்டைப் பையிலிருந்து எடுப்பதற்குள் கால் நிமிடம் போய்விடும். கேபின் இல்லாத டிராக்டரில் மணி அடிப்பதே கேட்காது. வாக்கி டாக்கியில் பட்டனை அழுத்தினால் வயலில் இருக்கும் எல்லாக் கருவியிலும் ஒரே நேரத்தில் குரல் வரும். டவர் கிடைக்கிறதா, ரீசார்ஜ் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை.

முதல் வேலை, சரியான செட்டைப் பார்த்து வாங்குவது. இதில் சட்டம் இருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், அரை வாட் சக்திக்குள் இயங்கும் கைக்கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யு.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. என்ற ஒப்புதல் சான்று இருந்தாக வேண்டும். மலிவு விலையில் கிடைக்கும் 5 வாட் செட்டுகளை உரிமமில்லாமல் வைத்திருப்பது குற்றம். போலீஸ், மீட்புப் பணியாளர்கள் போன்றவர்கள் பேசும் அலைவரிசையில் போய் இடிக்கவும் செய்யும். இப்படிப்பட்ட செட்டுகளின் விற்பனை பெருகியதால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கென்று தனியாக வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டது. ஆகவே கடைக்காரரிடம் மூன்று கேள்வி: 446 தானா, அரை வாட் தானா, இ.டி.ஏ. சான்று எங்கே? மூன்றுக்கும் பதில் வந்தால் பில்லோடு வாங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

எத்தனை வேண்டும்? ஓட்டுநருக்கு ஒன்று, கீழே நிற்பவருக்கு ஒன்று. போர்செட் தொலைவில் இருந்தால் மூன்றாவது. இதற்கு மேல் வேண்டாம். காதுகள் கூடினால் பேச்சும் கூடிவிடும்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றியபின் எல்லாச் செட்டையும் ஒரே சேனலுக்குக் கொண்டு வாருங்கள். பக்கத்து ஊரில் யாராவது அதே சேனலில் பேசினால் அவர்கள் குரல் உங்கள் வயலில் கேட்கும். அதைத் தவிர்க்க, சேனலோடு ஒரு ‘டோன்’ எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். அந்த எண் இல்லாத குரலை உங்கள் செட் உங்கள் காதுக்கு விடாது. ஆனால் நீங்கள் பேசுவதை மற்றவர் கேட்காமல் அது தடுக்காது. அந்தரங்கம் எதையும் வாக்கி டாக்கியில் பேசாதீர்கள். சேனலையும் டோனையும் வைத்த பிறகு பட்டன்களைப் பூட்டிவிடுங்கள். சேற்றுக் கை பட்டுச் சேனல் மாறிவிட்டால் செட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆள் மட்டும் கிடைக்க மாட்டார்.

அடுத்து, வயலை நடந்து அளப்பது. பெட்டியில் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது இடையில் ஒன்றுமே மறைக்காத இடத்துக் கணக்கு. எங்கள் திறந்த நெல்வயலில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை குரல் தெளிவாக வருகிறது. வாழைத் தோப்பு குறுக்கே வந்தால் அதில் பாதிகூடத் தேறுவதில்லை. ஈரம் நிறைந்த இலை இந்த அலையைக் குடித்துவிடும். செட் இடுப்பில் இருந்தால் நம் உடம்பே மறைக்கும். தோளுக்கு உயர்த்தினால், வரப்பில் ஏறி நின்றால், குரல் திரும்ப வரும். ஒருவர் களத்தில் நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு வரப்பாக நடந்து “கேட்குதா?” என்று கேட்டு, கேட்காத இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்படி இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று போர்செட் கொட்டகையின் தகரக் கதவுக்குப் பின்னால். அங்கே போகிறவர் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

செட்டை எங்கே மாட்டுவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடக் கூடாது. காதுக்கருவியின் ஒயர் வெளியே ஊசலாடக் கூடாது. டிராக்டரின் பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. ஒயர் நுனியோ கயிறோ அதில் பட்டால் கையை இழுக்க நேரமே கிடையாது. ஒயரைச் சட்டைக்குள் விட்டு, செட்டைத் தோள்பட்டையில் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஓட்டுநருக்கு இரைச்சலை அடைக்கும் காதுமூடியோடு சேர்ந்த ஹெட்செட் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். நாள் முழுக்க 85 டெசிபலுக்கு மேல் சத்தம் கேட்டால் காது கெடும். கேபின் இல்லாத டிராக்டர் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். பட்டனை அழுத்தாமலே குரலைக் கேட்டுத் தானாகத் திறக்கும் ‘வாக்ஸ்’ வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். இன்ஜின் சத்தத்தையே பேச்சு என்று நினைத்து அது ஓயாமல் திறந்திருக்கும். மற்ற எவராலும் பேச முடியாது.

இனி பேச்சு. நாங்கள் தடுமாறியதெல்லாம் இங்கேதான்.

பட்டனை அழுத்தியதும் செட் உடனே திறப்பதில்லை. அரை நொடி ஆகிறது. அதற்குள் பேசினால் முதல் அசை போய்விடும். சொல்லி முடிக்கும் முன் விரலை எடுத்தால் கடைசி அசை போய்விடும். அவசரத்தில் எல்லோருமே இரண்டையும் செய்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. நாம் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறோம். மறுப்பை அதற்கும் கடைசியில் வைக்கிறோம். “வண்டியை எடுக்க வேண்டாம்” என்பதில் வால் அறுந்தால் “வண்டியை எடுக்க” என்றுதான் போய்ச் சேரும். “வராதே” என்பது என் விரலில் என்ன செய்தது என்று மேலே சொல்லிவிட்டேன். அன்று செட் இருந்திருந்தாலும் அந்தச் சொல்லால் அதே காயம்தான் பட்டிருக்கும்.

ஆகவே முதல் விதி: அழுத்து, ஒரு மூச்சு, பேசு, ஒரு மூச்சு, விடு. இரண்டாவது விதி: வண்டி ஓடும்போது மறுப்புச் சொல்லே கிடையாது. “வராதே”, “எடுக்காதே”, “தூக்காதே” எல்லாவற்றையும் ஒழித்துவிட்டோம். அவற்றுக்குப் பதிலாக ஒரே சொல்: “ஹோல்டான்”. பஸ் கண்டக்டர்கள் காலங்காலமாகச் சொல்லிப் பழகிய சொல். மூன்று முறை சொல்ல வேண்டும். முதலும் கடைசியும் அறுபட்டாலும் நடுவில் உள்ளது பிழைக்கும். இதில் இன்னொரு நன்மையும் கண்டேன். எங்கள் பெரியப்பா வண்டி ஓட்டும்போது, கீழே நிற்கும் பையன் “நிறுத்து” என்று சொல்லத் தயங்குவான். “கொஞ்சம் நிறுத்துங்க பெரியப்பா” என்று ஆரம்பிப்பான். அந்த “கொஞ்சம்” முடிவதற்குள் விபத்து முடிந்துவிடும். “ஹோல்டான்” என்பதற்கு வயதும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. வயலில் நிற்கும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்டால் நிறுத்த வேண்டும், காரணம் அப்புறம்.

இடது, வலது என்பதையும் விட்டுவிட்டோம். தலை அறுந்தால் இரண்டுமே “து” தான். தவிர, எதிரெதிரே நிற்கும் இருவருக்கு அது மாறிவேறு போகும். “வாய்க்கால் பக்கம்”, “களத்துப் பக்கம்” என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் இல்லை. தூரத்துக்கு முழமும் சாணும்தான். “ரெண்டு முழம்… ஒரு முழம்… ஒரு சாண்… ஹோல்டான்.” அடியும் அங்குலமும் கணக்கில் வரும். முழமும் சாணும் எங்கள் ஆட்களுக்குக் கண்ணிலேயே வந்துவிடும்.

மூன்றாவது விதி, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. “சரி” என்பது பதில் ஆகாது. “களத்துப் பக்கம் ஒரு முழம்” என்று கீழே இருப்பவர் சொன்னால் ஓட்டுநரும் “களத்துப் பக்கம் ஒரு முழம்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளட்சை விட வேண்டும். பதில் வராவிட்டால் வண்டி நகரக் கூடாது. ஒரு செட்டில் ஒருவர் பேசும்போது அவருக்கு மற்றவர் குரல் கேட்காது என்பதையும் மறக்கக் கூடாது. ஓட்டுநர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் சொன்ன “ஹோல்டான்” காற்றோடு போகும். வண்டி ஓடும்போது அவர் கேட்க மட்டுமே வேண்டும். திருப்பிச் சொல்வதையும் மற்றப் பேச்சையும் நிறுத்தியபின் வைத்துக்கொள்ளலாம். பின்னால் சாண் சாணாக நகரும்போதும் திருப்பிச் சொல்ல வேண்டாம், வாயை மூடிக் காதைத் திறந்து வைத்தால் போதும்.

டிரெய்லர் மாட்டுவதைப் பாருங்கள். கீழே நிற்பவர் டயருக்கு வெளியே, ஓட்டுநர் திரும்பினால் தெரிகிற இடத்தில் நிற்கிறார். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் இல்லை. “ரிவர்ஸ், ரெண்டு முழம்” என்று ஆரம்பித்து, சாண் வரை எண்ணி, “ஹோல்டான்” மூன்று முறை. ஓட்டுநர் கியரை எடுத்து, கைபிரேக் போட்டு, “நியூட்ரல், பிரேக்” என்கிறார். இந்த இரண்டு சொல்லும் காதில் விழுந்த பிறகுதான் நடுவில் நுழைந்து பின் போடலாம். வெளியே வந்து, பழைய இடத்தில் நின்று, “வெளியே வந்துட்டேன்” என்கிறார். பிறகுதான் கியர். முழுதும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரொட்டவேட்டரில் வைக்கோலோ பழைய சாக்கோ சுற்றிக்கொண்டால் முறை இன்னும் கடுமை. ஓட்டுநர் பி.டி.ஓ.வைத் துண்டித்து, இயந்திரத்தைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவுகிறார். பிறகு இறங்கி வந்து அந்தச் சாவியைச் சுத்தம் செய்யப் போகிறவர் உள்ளங்கையில் வைக்கிறார். பிளேடு ஆட்டம் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்தபிறகே கை உள்ளே போகலாம். இந்த இடத்தில் வாக்கி டாக்கிப் பேச்சை நாங்கள் நம்புவதே இல்லை. “ஆஃப் பண்ணிட்டேன்” என்ற குரல் சான்று ஆகாது. சாவியின் கனம் கையில் தெரிய வேண்டும்.

அறுப்புக் காலத்தில் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வரும் பெல்ட் வண்டி என்ற அறுவடை இயந்திரத்தின் ஆபரேட்டரிடமும் ஒரு செட்டைக் கொடுத்து, சொற்களையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். டேங்க் நிறையும் முன்பே அவர் சொல்லிவிட்டால், எங்கள் டிரெய்லர் அவருக்குப் பக்கமான வரப்புக்குப் போய்விடும். இரண்டு வண்டியும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்காது.

வைக்கோல் பாரம் ஏற்றிவரும்போது தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகள் எமன். ஓட்டுநருக்குத் தலைக்கு மேல் இருக்கும் போரின் உயரம் தெரியாது. கம்பி வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் முன்னால் இறங்கி, தள்ளி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பி பட்டுவிட்டால் சொல்ல வேண்டியது “இறங்காதே” அல்ல. வால் அறுந்தால் அது என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும். “உட்காரு, உட்காரு, உட்காரு.” தீப்பிடிக்காதவரை, மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும்வரை, அவர் இருக்கையிலேயே இருக்க வேண்டும். கீழே இருப்பவர் எவரும் வண்டிக்குக் கிட்டே போகக் கூடாது.

மாலையில் ஈரத்துணியால் துடைத்து, சார்ஜில் வைத்தால் பராமரிப்பு முடிந்தது. வெயிலில் பானட் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

செட் வாங்கப் போகும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். வண்டி ஓட்டுபவரும் கீழே நிற்பவரும் களத்தில் உட்கார்ந்து, உங்கள் ஊர் வழக்கில் எந்தச் சொல் தலையும் வாலும் அறுந்தாலும் பிழைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு “ஹோல்டான்”. உங்களுக்கு வேறாக இருக்கலாம். அதை மட்கார்டில் பெயின்டால் எழுதிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.