திராட்சையை எட்டாத உயரத்தில் வையுங்கள்

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் சாயங்காலம் நடந்தால் பூ வாசத்தோடு பழ வாசமும் சேர்ந்தே வரும். சீசனில் கொய்யா, பப்பாளிக்குப் பக்கத்திலேயே பெங்களூர் ப்ளூ திராட்சை குவிந்து கிடக்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கருநீலப் பழம். நாய் வளர்ப்பவர்கள் இதைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் செல்லத்துக்கு ஒன்றுகூடப் போடாதீர்கள்.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பிக்கும், இன்னொன்று சில பழங்களிலேயே படுத்துவிடும். "எங்க டாமிக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லும் வீடுகளால்தான் ஆபத்தே. திராட்சை ஏன் விஷமாகிறது என்பது நெடுங்காலம் மருத்துவர்களுக்கும் பிடிபடவில்லை. க்ரீம் ஆஃப் டார்டார் கலந்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் அதே கோளாறு வந்ததைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள், 2021இல் டார்டாரிக் அமிலத்தைச் சந்தேகித்தார்கள். அதன் அளவு பழத்துக்குப் பழம் மாறும்.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், அதே அமிலம் உள்ள புளியைத் தின்ற நாய்களும் சேர்ந்தன. நம் சமையலறைக்கு இதைவிட நெருக்கமான எச்சரிக்கை ஏது? கேசரியிலும் பாயசத்திலும் உலர்திராட்சை, மிஞ்சிய புளியோதரை, எல்லாமே நாயின் தட்டுக்குப் போகிறவைதானே. உலர்ந்த பழத்தில் அமிலம் இன்னும் செறிவு.

தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைத்து விஷத்தைக் குறைக்கலாம். ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்துவிட்டால் சிகிச்சை கடினம். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மல்லேஸ்வரத்துக்குத் தொலைவில்லை.

மற்ற பழங்களுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். ஆப்பிளில் நடுப்பகுதியையும் விதையையும் நீக்குங்கள். தர்பூசணியில் விதையும் தோலும் வேண்டாம். மாங்கொட்டையை நக்கட்டும் என்று போடுவது தவறு, விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். பட்டர் ஃப்ரூட்டும் வேண்டாம். கொழுப்பு அதிகம், கொட்டையும் பெரியது.

என் தேர்வு பப்பாளி. விதையை வழித்தெடுப்பது சுலபம், பல் விழுந்த கிழட்டு நாயும் மெல்லும். ஆனால் நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்தே நாளின் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோயுள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் பழமே வேண்டாம். முதல் நாள் கட்டைவிரல் நகமளவு ஒரே துண்டு கொடுங்கள். மறுநாள் மலம் இளகியிருந்தால் அந்தப் பழத்தை நிறுத்திவிடுங்கள்.