மழலைக் குருதியின் மறுவரவு

பிறக்கும்போது குழந்தை கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஆறு மாதங் கழிந்தபின்னரே முகம் வெளிறத் தொடங்கும், உணவில் நாட்டங் குறையும், வயிறு பருக்கும். குருதியைச் சோதித்த வைத்தியர், பீற்றா தலசீமியா என்பார். அது கடுமையாயின், அன்று தொடக்கம் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதியை ஏற்றியே அக்குழந்தையைக் காத்தல்வேண்டும். ஏற்றிய குருதியிலுள்ள இரும்போ இதயத்திலும் ஈரலிலும் படிந்து வேறு துன்பம் விளைக்கும்.

பிறந்தவுடன் தோன்றாத நோய் பின்னர்த் தோன்றுவானேன்? இவ்வினாவுக்குள்ளேயே பரிகாரமும் மறைந்திருந்தது.

கருப்பையிலுள்ள சிசு தாயின் குருதியிலிருந்தே ஒட்சிசனைப் பெறுகின்றது. அதற்கேற்ற தனியொரு ஈமோகுளோபின் அதன் செங்குழியங்களில் உண்டு. பிறந்து சில மாதங்களுள் அதனை ஆக்கும் பரம்பரையலகு உறங்கிவிட, மற்றோர் அலகு அத்தொழிலை ஏற்கின்றது. பின்வந்த அவ்வலகு பழுதுற்றிருத்தலே இந்நோய்க்குக் காரணம்.

அவ்வாறாயின், உறங்கும் அலகை மீண்டும் எழுப்பலாகாதா? அதனை உறங்கவைக்கும் புரதம் இன்னதென்று 2008ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஓர்க்கின் முதலியோர் காட்டினர். பரம்பரையலகை வேண்டிய இடத்தில் வெட்டவல்ல 'கிரிஸ்பர்' என்னும் நுண்கத்தரியை ஆக்கிய ஷார்பாந்தியே, டௌட்னா என்னும் பெண்மணிகள் இருவரும் 2020இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவ்விரண்டும் இணைந்தே புதிய சிகிச்சை பிறந்தது. நோயாளியின் குருதியாக்கும் மூலக்கலங்களை வெளியே எடுத்து, உறக்கமூட்டும் புரதம் அவற்றில் குறையுமாறு கத்தரித்து, மீண்டும் உடலிற் செலுத்துவர். பழுதுற்ற அலகு பழுதுற்றபடியே இருக்கும். தொட்டிற் பருவத்து அலகு விழித்துத் தொழில் செய்யும்! 2024இல் வெளியான முடிவுகளின்படி, மதிப்பிடப்பட்ட 35 பேருள் 32 பேர் ஓராண்டாயினும் குருதியேற்றாது வாழ்ந்தனர். பிரித்தானியாவே 2023 நவம்பரில் முதன்முதல் இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது.

எனினும், கலங்களைத் திருப்பிச் செலுத்துமுன் என்பு மச்சையைக் கடுமையான மருந்தால் வெறுமையாக்கல்வேண்டும். அது மகப்பேற்றையும் பாதிக்கக்கூடும். அமெரிக்காவில் இதற்குக் குறித்த விலையோ 22 இலட்சம் டொலர். குருநாகல் முதலிய பகுதிகளில் இந்நோயால் வருந்தும் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாக் கனியன்றோ?

ஆயினும் வருமுன் காக்க வழியுண்டு. இந்நோய்க்கூற்றைத் தாங்கியோர் நலமுடனேயே காணப்படுவர். தாய் தந்தை இருவரும் அத்தகையோராயின், ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்புண்டு. ஒருவர் மட்டும் அத்தகையோராயின் பிள்ளைக்குக் கடுநோய் அச்சமில்லை. இதனை முன்னரே அறியக் குருதிச் சோதனை உண்டு. மணம் பேசுமுன் சாதகக் குறிப்பை நோக்கும் பெற்றோர், குருதிக் குறிப்பையும் ஒருமுறை நோக்குவாராக.