கூடத்தின் அளவும் திரையின் அளவும்

பண்டிகைக் காலம் நெருங்கும்போது, நாட்டின் எந்த நகரிலும் வீட்டு உபயோகப் பொருள் அங்காடிகளில் கூட்டம் பெருகுகிறது. அங்கே அதிகம் பேரம் பேசப்படும் பொருள்களில் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டி. எத்தனை மாதத் தவணை, என்ன வட்டி, எந்த அட்டைக்குத் தள்ளுபடி என்பவை வழக்கமாக எழும் வினாக்கள். இவற்றுக்கெல்லாம் முன்னதாக நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. நம் வீட்டுக் கூடத்துக்கு எத்தனை அங்குலத் திரை பொருந்தும்?

தவணை ஓராண்டில் முடிந்துவிடும். பெட்டியோ பல ஆண்டுகள் சுவரில் இருக்கும். அளவில் நேர்ந்த பிழையை அத்தனை ஆண்டுகளும் வீட்டார் அனைவரும் சுமக்க வேண்டும். பெரிதாக வாங்கிவிட்டால் கண்ணும் கழுத்தும் வலிக்கும். சிறிதாக வாங்கிவிட்டால், கண்பார்வை குறைந்த மூத்தவர்கள் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்க இயலாமல் ஒதுங்கிவிடுவார்கள். பொருத்தமான அளவைக் கண்டறிய ஓர் அளவு நாடாவும் அரை மணி நேரமும் போதும். அதற்கான வழியை இக்கட்டுரையில் காண்போம்.

அங்குலம் எதைக் குறிக்கிறது?

55 அங்குலம் என்று சொல்லும்போது அது திரையின் அகலமும் அன்று, உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையிலான மூலைவிட்டத்தின் நீளம். பெட்டியின் மேல் இதுவே செண்டிமீட்டரிலும் அச்சிடப்பட்டிருக்கும். இன்றைய திரைகள் 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. எனவே மூலைவிட்டம் தெரிந்தால் மற்ற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம்.

32 அங்குலம்: அகலம் 71 செ.மீ., உயரம் 40 செ.மீ.
43 அங்குலம்: அகலம் 95 செ.மீ., உயரம் 54 செ.மீ.
55 அங்குலம்: அகலம் 122 செ.மீ., உயரம் 68 செ.மீ.
65 அங்குலம்: அகலம் 144 செ.மீ., உயரம் 81 செ.மீ.
75 அங்குலம்: அகலம் 166 செ.மீ., உயரம் 93 செ.மீ.

இவை திரையின் அளவுகள். சுற்றியுள்ள சட்டத்துக்காக ஓரிரு செண்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, மூலைவிட்டம் சிறிது கூடினாலும் பரப்பு வெகுவாகக் கூடிவிடும். 43இலிருந்து 55க்கு மாறும்போது கூடுவது 12 அங்குலம்தான். ஆனால் திரையின் பரப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு பெருகுகிறது. இரண்டாவது, பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளின் அளவை இன்றைய திரைகளோடு நேரடியாக ஒப்பிடலாகாது. அவை 4க்கு 3 என்ற விகிதத்தில் அமைந்தவை. பழைய 29 அங்குலப் பெட்டியின் திரை உயரம் சுமார் 44 செ.மீ. இன்றைய 32 அங்குலத் திரையின் உயரமோ 40 செ.மீ. மட்டுமே. பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு 32 அங்குலத் திரை வாங்கியவர்கள், முகங்கள் சிறுத்துவிட்டன என்று குறைப்பட்டுக்கொள்வதன் காரணம் இதுதான்.

தூரமே அளவைத் தீர்மானிக்கிறது

கூடம் பெரிதா சிறிதா என்பதைவிட, அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதே முக்கியம். மிக நீண்ட கூடமாக இருந்தாலும், அதன் குறுகிய அகலத்தின் குறுக்கே அமர்ந்து பார்ப்பதாயின், அந்த அகலமே கணக்கில் வரும்.

பொதுவாகப் பின்பற்றத்தக்க விதி இது: பார்க்கும் தூரம், திரையின் மூலைவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் இரண்டரை மடங்குக்கும் இடையில் இருத்தல் நலம். மூலைவிட்டத்தைப் போல் சுமார் 1.6 மடங்கு தூரத்தில் அமர்ந்தால், திரையின் அகலம் நம் பார்வையில் 30 பாகைக் கோணத்தை நிரப்பும். திரைப்படம் பார்ப்பதற்கு ஏற்றது எனப் பரவலாகக் கொள்ளப்படும் கோணம் இது. ஒன்றரை மடங்குக்குள் நெருங்கினால், கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தைத் தொடரவும் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டரை மடங்கைத் தாண்டினால் ஆட்ட எண்ணிக்கையைப் படிக்கவே கண்ணை இடுக்க வேண்டியிருக்கும்.

இவ்விதிப்படி கிடைக்கும் அளவுகள்:

5 அடி தூரம்: 32 அங்குலம்
6 அடி தூரம்: 32 முதல் 43 அங்குலம்
7 அடி தூரம்: 43 முதல் 55 அங்குலம் வரை, 55 என்பது மேல் எல்லை
8 அடி தூரம்: 43 முதல் 55 அங்குலம்
10 அடி தூரம்: 55 முதல் 75 அங்குலம்

தெரிவதும் தெளிவதும்

முன்பெல்லாம் பெரிய திரையானால் மிகவும் தள்ளி அமர வேண்டும் என்று வீடுகளில் சொல்வது வழக்கம். அந்நாளைய ஒளிபரப்பைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரையே. திரையை நெருங்கினால் கோடுகள் தனித்தனியே தெரியும். இன்று ஃபுல் எச்டி திரையில் கிடைமட்டமாக 1,920 படப்புள்ளிகளும், 4கே திரையில் 3,840 படப்புள்ளிகளும் உள்ளன. 4கே திரையில் புள்ளிகள் மிக நுண்ணியவை. மூலைவிட்டத்தின் அளவே ஆன தூரத்தில் அமர்ந்தாலும் அவை கண்ணுக்குத் தனித்துத் தெரியா.

ஆயினும் திரை எவ்வளவு நுட்பமானதாயினும், அதற்கு வந்து சேரும் படம் அந்த நுட்பத்தோடு வர வேண்டும். கேபிள் அல்லது டிடிஎச் இணைப்பில் வரும் சாதாரணத் தர அலைவரிசைகளில் 576 கோடுகளே உள்ளன. அப்படத்தை மங்கலின்றிக் காண மூலைவிட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் வேண்டும். 55 அங்குலத் திரைக்கு அது 13 அடிக்கும் மேல். நம் அடுக்ககங்களில் அவ்வளவு தூரம் எளிதில் கிடைப்பதில்லை. எனவே வீட்டில் பெரும்பாலும் சாதாரணத் தர அலைவரிசைகளையே பார்ப்பவர்கள், பெரிய திரை வாங்கும்போது எச்டி இணைப்புக்கான கூடுதல் மாதக் கட்டணத்தையும் செலவில் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் நடுத்தர அளவோடு நிறைவு கொள்வதே விவேகம்.

ஒரு கூடத்தை அளந்து பார்ப்போம்

புனே நகரின் புறப்பகுதியில், இரு படுக்கையறை கொண்ட அடுக்கக வீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கூடம் 16 அடி நீளம், 11 அடி அகலம். நீளச் சுவரை ஒட்டிச் சோபா. எதிர்ச் சுவரில் திரை. சுவருக்குச் சுவர் 11 அடி இருந்தாலும், சோபாவில் சாய்ந்திருப்பவரின் கண் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இருக்கும். மேசைமேல் வைக்கப்படும் திரை எதிர்ச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் நிற்கும். ஆகவே உண்மையான பார்வைத் தூரம் 8.5 அடி.

அவ்வீட்டில் மூன்று தலைமுறையினர் வாழ்கின்றனர். கணவனும் மனைவியும் இரவில் சோபாவில் அமர்ந்து பார்ப்பவர்கள். பாட்டி பிற்பகலில் பக்கவாட்டில் உள்ள திவானில், 7 அடி தூரத்தில் அமர்ந்து பக்திப் பாடல்கள் கேட்பவர். குழந்தைகள் மாலையில் பாய் விரித்து 5 அடி தூரத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சோபாவின் தூரத்தை மட்டும் அளந்தால் 65 அங்குலத் திரையும் பொருந்தும் என்றே கணக்குச் சொல்லும். ஏனெனில் அதற்குத் தேவையான குறைந்த தூரம் 8.1 அடி. ஆனால் பாட்டியின் இடத்திலிருந்து அது மிகைப் பெரிது. 55 அங்குலத் திரைக்குக் குறைந்த தூரம் 6.9 அடி. எனவே அது பாட்டிக்கும் பொருந்தும், சோபாவில் இருப்போருக்கும் பொருந்தும். குழந்தைகளின் பாயை மட்டும் இரண்டடி பின்னுக்கு இழுத்துப் போட வேண்டும். 43 அங்குலம் வாங்கினால் பாயை அரையடி நகர்த்தினால் போதும். ஆனால் சோபாவிலிருந்து பார்க்க அது சற்றே சிறிது.

ஆக, இக்குடும்பத்துக்குப் பொருந்துவது 55. அங்காடியில் 65தான் பரிந்துரைக்கப்படும். விற்பவரைக் குறை கூறுவதற்கில்லை. உயர்ந்த கூரையும் விரிந்த தளமும் கொண்ட அங்காடியில் எந்தத் திரையும் சிறிதாகவே தோன்றும். அருகில் 85 அங்குலத் திரை இருக்கும்போது 55 அங்குலம் இன்னும் சுருங்கிவிடும். வீட்டுச் சுவரில் மாட்டிய பின்னரே அதன் உண்மை உருவம் புலப்படும்.

இதற்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வாங்க எண்ணும் திரையின் அகல உயரத்துக்கு வெட்டி, சுவரில் ஒட்டி வைத்து இரண்டு நாள்கள் அதனோடு வாழ்ந்து பாருங்கள். கதவு திறக்கத் தடை உண்டா, பூசை மாடத்தை மறைக்கிறதா, மின்விசைப் பலகைக்கு மேல் விழுகிறதா என்பவை எல்லாம் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

சுவர், உயரம், வெளிச்சம்

திரையின் நடுப்பகுதி, அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருப்பது நல்லது. சோபாவில் அமர்வோருக்கு அது தரையிலிருந்து சுமார் 105 செ.மீ. தரையில் அமர்ந்து பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் இன்னும் தாழ்த்தலாம். அழகு கருதிக் கதவு நிலைக்கு மேல் மாட்டப்படும் திரைகள் கழுத்து வலிக்கு வித்திடுகின்றன.

மேசைமேல் வைப்பதாயின் திரையின் கால்களுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கேட்டறிய வேண்டும். இரு ஓரங்களிலும் கால்கள் கொண்ட பெரிய திரைகள் பழைய மேசையில் நிற்க மாட்டா. சுவரில் மாட்டுவதாயின் அது செங்கல் சுவரா, மெல்லிய தடுப்புப் பலகையா என்பதைப் பொருத்துநரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் பகலில் படத்தைவிடச் சன்னலின் நிழலே மிகுதியாகத் தெரியும். திவானில் அமர்வோரைப் போலப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால், அங்காடியிலும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சில திரைகளில் அக்கோணத்தில் நிறம் வெளிறிவிடும்.

விலையும் தவணையும்

32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு முன்பு 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. எனவே வரியை அஞ்சி 32 அங்குலத்தோடு நின்றுவிட வேண்டிய தேவை இன்று இல்லை. அதே வேளையில், வரி குறைந்தது என்பதற்காகக் கூடத்தைவிடப் பெரிய திரையை வாங்கவும் வேண்டுவதில்லை.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்குத் திரும்புவோம். 55க்கும் 65க்கும் இடையே விலை வேறுபாடு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இத்தொகையைக் கடனட்டையில் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணையாக மாற்றினால், மாதந்தோறும் சுமார் 1,805 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் ஏறத்தாழ 1,660 ரூபாய். கடனட்டை வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 300 ரூபாய். செயலாக்கக் கட்டணம் இருந்தால் அது தனி. பொருந்தாத 10 அங்குலத்துக்காக இவ்வளவும் செலவாகிறது.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தைக் காணும்போது ஒன்றை நினைவில் கொள்க. வட்டி முற்றிலும் இல்லாத கடன் என ஒன்று இல்லை என்பதையும், அந்த வட்டி செயலாக்கக் கட்டணம் போன்ற வேறு வடிவில் வாடிக்கையாளரிடமே பெறப்படுகிறது என்பதையும் ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியுள்ளது. முழுத் தொகையையும் உடனே செலுத்தினால் என்ன விலை என்று கேளுங்கள். அவ்விலைக்கும் தவணைகளின் மொத்தத் தொகைக்கும் உள்ள வேறுபாடே நீங்கள் செலுத்தும் உண்மையான வட்டி. அவசரமில்லை எனில், மாதம் 4,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்தி வந்தால் ஓராண்டில் 48,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். அடுத்த பண்டிகைக்கு வட்டி கட்டுபவராக அன்றி, வட்டி பெற்றவராக அங்காடிக்குச் செல்லலாம்.

மின்செலவையும் மறக்கலாகாது. 100 வாட் மின்சாரம் எடுக்கும் பெட்டி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 182 யூனிட் செலவாகும். 180 வாட் எடுப்பதாயின் 328 யூனிட். பெட்டியில் ஒட்டப்பட்டுள்ள நட்சத்திரக் குறியீட்டு முத்திரையில் ஆண்டு மின்செலவு குறிக்கப்பட்டிருக்கும். ஒரே அளவுள்ள இரு பெட்டிகளை ஒப்பிட அது பெரிதும் உதவும்.

புறப்படுமுன்

அங்காடிக்குச் செல்லும் நாளில் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு எண்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மிக அருகில் அமர்பவரின் தூரம், மிகத் தொலைவில் அமர்பவரின் தூரம், சுவரில் கிடைக்கும் அகலம், மாதம் எளிதாகக் கட்டக்கூடிய தொகை. முதல் மூன்றும் திரையின் அளவைத் தரும். நான்காவது, அந்த அளவில் எந்தப் பெட்டியை இப்போதே வாங்கலாம், எதற்காகச் சிறிது காலம் சேமிக்கலாம் என்பதைச் சொல்லும். அங்கே எத்தனை சலுகைகள் அறிவிக்கப்பட்டாலும் அந்தக் காகிதத்தில் உள்ள எண்கள் மாறப்போவதில்லை. பாட்டி தன் திவானை விட்டு நகராமல், பேரக்குழந்தைகளோடு ஒரே திரையை வசதியாகப் பார்க்க முடிந்தால், அதுவே அந்தக் கூடத்துக்கு ஏற்ற அளவு.